கட்டுமரத்துக்குள் ஒளிந்தவன்

என் தமக்கையின் பேரன் ஒருவன் அமெரிக்காவில் இருக்கிறான். கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் இரவில் எழுந்திருக்கிற உத்தியோகம் என்று அவன் தாயார் சொல்லி அங்கலாய்ப்பாள். அவனிடமிருந்து போன மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. கடிதம் என்றால் தபால்காரர் கொண்டு வந்த கடிதம் அல்ல. அவர், பாவம், இப்போதெல்லாம் பாங்கு நோட்டீஸைத் தவிர வேறு எதையும் என் வீட்டுக்குக் கொண்டு வருவதில்லை. இது கம்ப்யூட்டர் வழியாக வந்த கடிதம்.

அதில் இருந்த செய்தி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. பையன் லீவு போட்டு, கைப்பணத்தையும் கொடுத்து, மரக்கட்டை வீடு கட்டக் கற்றுக்கொள்கிறானாம்! முழு மரங்களைப் பட்டை உரித்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மூலைகளில் ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும்படி பள்ளம் வெட்டிக் கட்டுகிற வீடு. "ஆணிக்கு அதிகமாக வேலை இல்லை, தாத்தா. மரத்தின் பாரமே மரத்தைப் பிடித்துக்கொள்கிறது" என்று எழுதியிருந்தான். இரண்டு உள்ளங்கைகளிலும் கொப்புளம் கண்டிருப்பதைப் போட்டோ எடுத்துப் பெருமையாக அனுப்பியிருந்தான். கையில் கொப்புளம் வரக்கூடாது என்பதற்காகத்தான் அவனை நாங்கள் எல்லோரும் சேர்ந்து படிக்க வைத்தோம்!

இந்தக் கட்டை வீடு வடதேசத்துக் குளிரிலே பிறந்தது. 1638-இல் டெலவேர் நதிக்கரையில் குடியேறிய ஸ்வீடன்காரர்களும் பின்லாந்துக்காரர்களும் அந்த வித்தையை அமெரிக்காவுக்குக் கொண்டு போனார்கள். பிற்காலத்தில் மர அறுவை ஆலைகள் வந்தன. பலகையும் ஆணியும் மலிந்தன. கட்டைக்குப் பள்ளம் வெட்டத் தெரிந்த கிழவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். வித்தை அவர்களோடு போய்விடும் என்றிருந்த சமயத்தில் சிலர் விழித்துக்கொண்டார்கள். 1970களில் கனடாவில் ஆலன் மாக்கி என்பவர் இதற்கென்று ஒரு பள்ளிக்கூடமே நடத்தினார். இன்று நம் பையனைப் போன்றவர்கள் பணம் கட்டிக் கொப்புளம் வாங்கிக்கொள்ள முடிகிறது.

கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தான்: "தாத்தா, நீங்கள் சரித்திரக் கதை எழுதுகிறவர். நம் ஊரில் முழு மரத்தை வைத்துக் கட்டுகிற வித்தை ஏதாவது உண்டா? அதற்கு வகுப்பு உண்டா?"

சாதாரணக் கேள்விதான். ஆனால் அதைப் படித்ததும் என் முகத்தில் அசடு வழிந்தது. நல்ல வேளை, அறையில் வேறு யாரும் இல்லை. ஏனென்றால், உண்டு. நம்மிடம் அது வீடு அல்ல, கட்டுமரம். அதற்கு வகுப்பும் உண்டு. அந்த வகுப்பில் நான் மூன்று நாள் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே போய்ச் சேர்ந்தது அறிவுத் தாகத்தினால் அல்ல. நான் செய்த ஒரு பெரிய பிழையினால்.

*

பல வருஷங்களுக்கு முன்பு நான் ஒரு வாரப் பத்திரிகையில் சரித்திரத் தொடர்கதை எழுதினேன். பதினேழாம் நூற்றாண்டு, பழவேற்காடு, டச்சுக்காரர் கோட்டை. கதாநாயகன் நள்ளிரவில் கோட்டையிலிருந்து தப்புகிறான். சிப்பாய்கள் தீவட்டிகளோடு துரத்துகிறார்கள். கடற்கரையில் ஒரு கட்டுமரம் கிடக்கிறது. கதாநாயகன் என்ன செய்கிறான்? அதற்குள் புகுந்து ஒளிந்துகொள்கிறான்! சிப்பாய்கள் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கிவிட்டுப் போகிறார்கள். 'தொடரும்' போட்டேன்.

அந்த அத்தியாயத்துக்குப் பாராட்டுக் கடிதங்கள் வந்தன. பத்திரிகாசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. ஓவியர் பிரமாதமாகப் படம் போட்டிருந்தார். அவர் வரைந்த கட்டுமரம் ஒரு பெரிய மரத்தொட்டில் மாதிரி இருந்தது. அதில் கதாநாயகனோடு அவன் குதிரையும் சேர்ந்து ஒளிந்திருக்கலாம். நான் உட்பட யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்: அதுவரை நான் பழவேற்காட்டைப் பார்த்ததே இல்லை. புத்தகங்களைப் படித்துத்தான் எழுதினேன். புத்தகங்களில் கோட்டை இருந்தது, கவர்னர் இருந்தார், துணிமூட்டை இருந்தது. கட்டுமரம் எப்படி இருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் தேடவில்லை. அது யாருக்குத்தான் தெரியாது என்கிற நினைப்பு!

கதையைப் புத்தகமாகப் போடுவதாக இருந்தபோது, ஒரு தடவையாவது இடத்தைப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன். சென்னைக்கு வடக்கே பொன்னேரி வழியாகப் போனால் காலையில் புறப்பட்டவர் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்துவிடலாம். அவ்வளவு கிட்டத்தில் இருந்துகொண்டு ஒரு முழுத் தொடர்கதையையும் போகாமலே எழுதி முடித்திருக்கிறேன்.

பழவேற்காட்டில் முதலில் டச்சுக் கல்லறைகளுக்குப் போனேன். வாசலில் இரண்டு பக்கமும் கல்லிலே செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நின்று வரவேற்கின்றன. உள்ளே பெரிய பெரிய கற்பலகைகள். பெயர், பட்டம், பிறந்த தேதி, இறந்த தேதி, குலச் சின்னம், எல்லாம் நேற்று வெட்டியது போல் இருக்கின்றன. இந்தியத் தொல்லியல் துறை அவற்றைப் பாதுகாத்து வருகிறது.

அந்த டச்சுக்காரர்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1610-இல் சந்திரகிரி அரசர் வேங்கடபதியின் அனுமதியோடு இங்கே பண்டகசாலை வைத்தார்கள். 1612-இல் சாந்தோமிலிருந்து போர்த்துகீசியர் வந்து அதை நாசம் செய்தார்கள். 1613-இல் டச்சுக்காரர் கோட்டையே கட்டிவிட்டார்கள். தங்கள் நாட்டிலுள்ள கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயரால் அதற்குக் கெல்டிரியா என்று பெயர் வைத்தார்கள். 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றுகிற வரையில் சோழமண்டலக் கரையில் அவர்களுடைய ராஜாங்கம் இங்கிருந்துதான் நடந்தது. இங்கிருந்து வர்ணத் துணிகள் கிழக்கிந்தியத் தீவுகளுக்குப் போயின. அங்கே துணியைக் கொடுத்து மிளகும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். இங்கே வெடிமருந்து செய்தார்கள். பஞ்சகாலங்களில் ஆயிரக்கணக்கான மனிதர்களை விலைக்கு வாங்கி அடிமைகளாகப் படேவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அவர்களில் ஒருவருக்காவது கல்லில் பெயர் இல்லை. ஆங்கிலேயர் பிற்பாடு வந்து பிடித்து, 1806-இல் கோட்டையை இடித்துத் தள்ளினார்கள். 1825-இல் ஊர் முடிவாக அவர்கள் கைக்குப் போயிற்று.

இன்று கோட்டை இருந்த இடத்தில் முள்ளும் புதரும் மூடிய மேடு இருக்கிறது. சுற்றிலும் அகழியின் பள்ளம். கதாநாயகன் குதித்த மதிலைத் தேடினேன். குதிக்க மதில் இல்லை. சரி, அவன் ஒளிந்த கட்டுமரத்தையாவது பார்த்துவிடுவோம் என்று ஏரியைத் தாண்டிக் கடல் பக்கம் போனேன்.

*

பழவேற்காட்டு ஏரி ஒரு விசித்திரமான நீர்நிலை. ஒரிஸ்ஸாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடி நம் தேசத்தின் உப்பங்கழிகளில் இதுதான் பெரியது. ஆனால் பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளமான மணல் திட்டு. அந்தத் திட்டின் மேல் வரிசையாக மீனவர் குப்பங்கள். மேற்கே பார்த்தால் அசையாத தண்ணீர். கிழக்கே திரும்பினால் இரவும் பகலும் அடித்துக்கொண்டே இருக்கும் அலை.

ஒரு குப்பத்தில் பூவரச நிழலில் வயது எழுபத்தைந்துக்கு மேல் மதிக்கத்தக்க ஒரு பெரியவர் உட்கார்ந்து வாச்சியால் ஒரு கட்டையைச் செதுக்கிக்கொண்டிருந்தார். சுற்றி வேறு நாலு கட்டைகள் கிடந்தன. கரையில் வரிசையாக நின்ற படகுகள் எல்லாம் வர்ணம் பூசிய பைபர் படகுகள். என்ஜின் பூட்டியவை. பெரியவரைச் சுற்றி மட்டும் மரச் செதில்கள்.

மரியாதையாக அறிமுகம் செய்துகொண்டேன். கதை எழுதுகிறவன் என்றேன். கதையையும் சொன்னேன். பெரியவர் வாச்சியைக் கீழே வைத்துவிட்டு ரொம்பக் கவனமாகக் கேட்டார். கதாநாயகன் கட்டுமரத்துக்குள் ஒளிகிற இடம் வந்ததும் கையை உயர்த்தினார்.

"இருங்கய்யா. எங்க ஒளிஞ்சான்?"

"கட்டுமரத்துக்கு உள்ளே."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கிடந்த நாலு கட்டைகளையும் பார்த்தார். பிறகு பொக்கை வாய் திறந்து சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, மறுபடியும் சிரிப்பு வந்தது.

"கட்டுமரத்துக்கு ஏதய்யா உள்ளே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோணிக்கு உள்ளே உண்டு. கப்பலுக்கு உள்ளே உண்டு. கட்டுமரம் என்பது நாலைந்து முழுக் கட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கயிற்றால் கட்டியது. அவ்வளவுதான். பெயரே அதுதானே! கட்டிய மரம். தமிழ் எழுதிப் பிழைக்கிற ஒருவனுக்கு அந்த இரண்டு சொற்களின் அர்த்தம் அதுவரை காதில் விழவில்லை.

"நாளைக்குக் காலம்பற வாங்க. கட்டறேன். பாத்துட்டுப் போய் எழுதுங்க" என்றார். மறுநாள் நோட்டுப் புத்தகத்தோடு போனேன். அதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "எழுதினா வராதுய்யா. அத அங்க வெச்சுட்டு இந்தக் கயித்தப் புடிங்க." வகுப்பு ஆரம்பமாயிற்று.

*

முதல் நாள் முழுவதும் மரத்தைப் பற்றி. கட்டுமரத்துக்கு வைரம் பாய்ந்த மரம் உதவாது. தேக்கு வீட்டுக்கு ராஜா. இங்கே செல்லாது. மலைவேம்பு மாதிரி இலேசான மரம் வேண்டும். அது மலைப்பக்கத்திலிருந்து வர வேண்டும். நேராக இருந்தால் மட்டும் போதாது. மூக்கு கொஞ்சம் தூக்கினாற்போல் வளைவு வேண்டும். நடுமரம் தாழ்ந்து இருக்கும். பக்கத்து மரங்கள் அதற்கு மேல் கொஞ்சம் உயர்ந்து அணைத்துக்கொண்டிருக்கும். முன்பக்கத்துக்கு அணியம் என்று பெயர். அது கூர்த்து மேலே எழும்பியிருக்க வேண்டும், அலையின் மேல் ஏறுவதற்காக.

"ஏன் பெரியவரே, உள்ளே தண்ணீர் வராதா?" என்று கேட்டேன்.

"வரும். வந்துட்டுப் போயிடும்" என்றார்.

யோசித்துப் பார்த்தால் இதைவிடப் பெரிய படகு சாஸ்திரம் கிடையாது. தோணி மிதப்பது அதற்குள் இருக்கும் வெற்றிடத்தினால். அந்த வெற்றிடத்தில் தண்ணீர் புகுந்தால் மூழ்கும். கட்டுமரம் மிதப்பது மரம் மிதப்பதனால். அதில் புகுந்து நிரப்ப இடமே இல்லை. அலை மேலே ஏறும், கட்டைகளின் இடுக்கு வழியாக இறங்கிவிடும். புரட்டிப் போட்டால் நிமிர்த்தி ஏறிக்கொள்ள வேண்டியதுதான். அலை ஓயாத இந்தக் கரையில், துறைமுகம் என்று ஒன்று இல்லாத நூற்றாண்டுகளில், இதற்கு மேல் எந்தக் கெட்டிக்காரன் எதைக் கண்டுபிடித்திருக்க முடியும்?

டச்சுக்காரரையும் இங்கிலீஷ்காரரையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நான், இந்த இடத்தில்தான் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். அவர்களுடைய கப்பல்கள் பாதி உலகத்தைச் சுற்றி வந்தன. ஆனால் கரைக்கு முன்னால் இருக்கும் கடைசி அரை மைல் அவர்களால் முடியவில்லை. அலைக்கு அப்பால் நங்கூரம் பாய்ச்சி நின்றுகொண்டு, கரையிலிருந்து யாராவது வரமாட்டார்களா என்று காத்திருப்பார்கள். சரக்கும் பிரயாணிகளும் இறங்குவதற்கு மசூலா படகு. அதுவும் ஆணி இல்லாமல், பலகைகளைக் கயிற்றால் தைத்த படகுதான். கடல் சீறுகிற நாளில் அந்தப் படகும் போகாது. அப்போது கட்டுமரம் போகும். கப்பலுக்கு எழுதிய கடிதத்தைக் கூம்பு மாதிரிப் பின்னிய தொப்பிக்குள் நனையாமல் வைத்துத் தலையில் மாட்டிக்கொண்டு சென்னைக் கட்டுமரக்காரர்கள் அலையைத் தாண்டுவார்கள் என்று அந்தக் காலத்துப் பிரயாணிகள் வியந்து எழுதியிருக்கிறார்கள். கம்பெனியின் கணக்குப் புத்தகமெல்லாம் கோட்டைக்குள் பத்திரமாக இருந்தது. கம்பெனியின் உயிர் ஒரு மீனவரின் தொப்பிக்குள் போய் வந்துகொண்டிருந்தது.

வந்தவர்கள் இந்த வார்த்தையையும் கப்பலேற்றிக்கொண்டு போனார்கள். 1670களில் இந்தக் கரையில் வியாபாரம் செய்த தாமஸ் பௌரி கட்டுமரத்தைப் பற்றி எழுதி வைத்தார். 1697-இல் வில்லியம் டாம்பியரின் கடற்பயணப் புத்தகம் வெளிவந்தபோது இங்கிலீஷ் வாசகர்கள் 'காட்டமரான்' என்று படிக்கத் தெரிந்துகொண்டார்கள். பிறகு வேடிக்கை நடந்தது. சென்னைத் துறைமுகத்துக்கு 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். கடைசி அரை மைலுக்கு இனிமேல் கட்டுமரம் வேண்டாம் என்பதற்கு அதுதான் தொடக்கம். அடுத்த வருஷம், 1876-இல், நதானியேல் ஹெர்ரஷாஃப் என்பவர் இரண்டு ஒடுங்கிய அடிப்பாகங்களைச் சேர்த்து 'அமரில்லிஸ்' என்ற பாய்ப்படகைக் கட்டி நியூயார்க்கில் பந்தயத்தில் விட்டார். அது ஜெயித்தது. ஜெயித்ததே குற்றமாகி, இந்த மாதிரிப் படகு மற்றப் படகுகளோடு போட்டியிடக் கூடாது என்று விலக்கி வைத்தார்கள். அந்த இரட்டைப் படகின் அமைப்புக்கும் நம் கட்டுமரத்துக்கும் சம்பந்தமில்லை. அது பசிபிக் தீவுக்காரர்களின் வழி. ஆனால் பெயர் மட்டும் நம்முடையதை வைத்துக்கொண்டார்கள். இன்று உலகத்துப் பணக்காரர்கள் உல்லாசப் பிரயாணம் போகிற 'காட்டமரான்' இதுதான். பெயர் கோடீசுவரன் வீட்டில் இருக்கிறது. பெயருக்கு உரியவர் பூவரச நிழலில் உட்கார்ந்திருந்தார்.

*

இரண்டாம் நாள் பாடம் முடிச்சு. தென்னை நார்க் கயிறு. முன்னால் ஒரு கட்டு, பின்னால் ஒரு கட்டு. மேலே குறுக்குக் கட்டை வைத்து, கயிறு நழுவாமல் பிடித்துக்கொள்வதற்காக ஓரத்துக் கட்டைகளில் வெட்டியிருக்கும் பள்ளத்தின் வழியாகச் சுற்றி இழுத்து இறுக்க வேண்டும். அமெரிக்காவில் நம் பையன் வெட்டுகிற பள்ளத்தில் மரம் மரத்தைக் கவ்வுகிறது. இங்கே பள்ளத்தில் கயிறு கவ்வுகிறது. இரண்டு இடத்திலும் ஆணி வேடிக்கை பார்க்கிறது.

என் முதல் கட்டைப் பெரியவர் காலால் ஒரு தட்டுத் தட்டினார். கட்டைகள் விரல்களைப் போல் விரிந்தன. கூடியிருந்த குழந்தைகள் ஆரவாரம் செய்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த தடவை காலை உதைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து, ஒன்றுக்கு நாலு முடிச்சாகப் போட்டேன். உள்ளங்கை தோலுரிந்து போயிற்று. பெரியவர் தட்டிப் பார்த்தார். அசையவில்லை. நான் நிமிர்ந்து குழந்தைகளைப் பார்த்தேன்.

"இப்ப அவுருங்க" என்றார் அவர்.

அவிழ்க்க வரவில்லை. நகத்தால் முயன்றேன். ஆப்பை நுழைத்து முயன்றேன். தண்ணீரில் நனைந்த கயிறு கல்லாகிவிட்டது. பெரியவர் ஒன்றும் பேசாமல் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து என் கட்டை அறுத்து எறிந்தார். நல்ல கயிறு வீணாயிற்று. அவர் முகத்தில் முதன்முதலாகக் கோபத்தைப் பார்த்தேன்.

"அவுக்க வராத கட்டு கட்டே இல்லய்யா" என்றார். "கடல்ல புடிக்கணும், கரையில வுடணும். தெனம் சாயங்காலம் அவுத்துக் காயப் போடலேன்னா மரம் தண்ணி குடிச்சுக் கனத்துப் போவும். காத்தால ரெண்டு பேரு ஒவ்வொரு கட்டையாத் தூக்கியாந்து கட்டிக்கணும். எங்கப்பாரு அப்பிடித்தான், அவுரு அப்பாரும் அப்பிடித்தான்."

நான் மணலில் உட்கார்ந்து அதை யோசித்தேன். தினமும் காலையில் கட்டுவது, சாயங்காலம் அவிழ்ப்பது. ஒரு மனிதன் தன் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் தடவை அந்தப் படகைக் கட்டியிருப்பான்! ஒரு நாளாவது அது முடிந்துபோன பொருளாக இருந்ததில்லை. டச்சுக்காரன் கோட்டையை ஒரே தடவை கட்டினான். நிரந்தரம் என்று நினைத்துக் கட்டினான். 193 வருஷத்தில் மண்மேடாயிற்று. தினந்தோறும் அவிழ்த்துப் போட்ட மரம் அவனுக்கு முன்னும் இருந்தது, பின்னும் இருந்தது.

ஆனால் அதனால்தான் சரித்திரத்தில் அதற்கு இடமில்லாமல் போயிற்று என்றும் தோன்றியது. இடிந்த கோட்டைக்கு மேடாவது மிஞ்சும். மூழ்கிய கப்பலுக்கு எலும்புக்கூடாவது கிடைக்கும். அவிழ்த்த கட்டுமரத்துக்கு என்ன மிஞ்சும்? நாலு கட்டை. அதுவும் உளுத்தால் அடுப்புக்குப் போகும். அதை எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை என்று சொல்ல மாட்டேன். சென்னை ராஜதானியின் மீன்வள இலாகாவில் டைரக்டராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி 1920-இல் எழுதிய ஆராய்ச்சி நூலில் கட்டுமர வகைகளை விவரித்திருக்கிறார். அவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் அந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு கட்டினால் என் முதல் கட்டு மாதிரிதான் இருக்கும். முடிச்சு விரலில் இருக்கிறது. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத்தான் அது போகும். நடுவில் ஒரு கை வராவிட்டால் அத்துடன் சரி.

அன்று மத்தியானம் பெரியவர் வடக்கே கையைக் காட்டினார். அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. 1971 முதல் அங்கிருந்து ராக்கெட் விடுகிறார்கள். விடுகிற நாளில் இவர்கள் கடலுக்குப் போகக்கூடாது.

"நல்லாத்தான் போவுது. நானும் பாத்துக்கினுதான் இருக்கேன்" என்றார். "ஆனா போனது போனதுதான். என் மரம் சாயங்காலம் திரும்பி வரும்."

*

மூன்றாம் நாள் என் கட்டுமரத்தை ஏரிப் பக்கம் இறக்கினார்கள். கடலில் இறக்க அவர் சம்மதிக்கவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நான் ஏறி உட்கார்ந்து துடுப்புப் போட்டேன். சுமார் நூறு கஜம் போயிருப்பேன். பின்கட்டு இளகி, ஓரத்துக் கட்டை ஒன்று மரியாதையாக விடைபெற்றுக்கொண்டு தனியே போயிற்று. மற்றவை நின்றன. "முன்கட்டு பரவால்ல" என்றார் பெரியவர். என் வாழ்க்கையில் நான் வாங்கிய பரிசுகளில் எதையும் இதற்குச் சமமாகச் சொல்ல மாட்டேன்.

கரையேறி நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டே கேட்டேன்: "அப்படியானால் என் கதாநாயகன் எங்கேதான் ஒளிவான், பெரியவரே?"

அவர் இதைப் பற்றி மூன்று நாளாக யோசித்திருக்க வேண்டும். உடனே பதில் வந்தது.

"கட்ட அவுத்து வுட்டுட்டு, கட்டையோட கட்டையாப் படுத்துக்கச் சொல்லு. சிப்பாய் தோணியத் தேடுவான். கட்டையத் தேடுவானா?"

புத்தகத்தில் அந்த அத்தியாயம் அப்படித்தான் வெளிவந்திருக்கிறது. கதையிலேயே மிக நல்ல இடம் அதுதான் என்று சொன்னவர்கள் உண்டு. அது என்னுடையது அல்ல என்பதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

அந்த மூன்று நாளும் சற்றுத் தள்ளி, கரையேற்றிய பைபர் படகின் மேல் உட்கார்ந்து, பெரியவரின் பேரன் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். மலைமரத்தின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. அடித்துச் செதுக்கிய மரம் சில வருஷங்களில் உளுத்துவிடும். துடுப்புப் போட்டு ஒருவன் போகிற தூரத்தில் மீன் குறைந்துவிட்டது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்து கரையில் கிடந்த மரங்களை வாரிக்கொண்டு போயிற்று. உதவிக்கு வந்தவர்கள் நல்ல எண்ணத்தோடு பைபர் படகுகளைக் கொடுத்தார்கள். என்ஜின் வைத்தால் தூரம் போகலாம், சீக்கிரம் திரும்பலாம். ஒரு தகப்பன் தன் மகனுக்கு அதைத்தானே விரும்புவான்? சரித்திரக் கதை எழுதுகிறவனின் ரசனைக்காக ஒருவன் அலையில் நனைய வேண்டும் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? டீசல் விலை, கடன் வட்டி என்று அந்தப் படகுக்கும் அதன் கஷ்டங்கள் உண்டு. அவை அவன் தலைமுறையின் பாடு.

*

பையனின் கடிதம் வந்த மறுவாரம் நான் மறுபடியும் பழவேற்காடு போனேன். இடையில் பல வருஷங்கள் ஓடிவிட்டன. பெரியவர் இல்லை. காலமாகி நாலு வருஷம் ஆகிறது என்றார்கள். பூவரசு இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு டீக்கடை வந்திருந்தது. கடை வாசலில் உட்காருவதற்கு ஒரு நீளமான கட்டையைச் செங்கல் மேல் ஏற்றிப் போட்டிருந்தார்கள். டீயை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவன், யதேச்சையாகக் கையைக் கட்டையின் ஓரத்தில் வைத்தேன். விரல்கள் ஒரு பள்ளத்தில் போய்ப் பொருந்தின. கயிறு ஓடி ஓடி வழவழவென்று தேய்ந்த பள்ளம்.

"இது எதுக்குத் தம்பி?" என்று கடைப் பையனைக் கேட்டேன்.

"தெரியல சார். டீ கிளாஸ் சாயாம வெக்கலாம்" என்றான்.

பேரனைத் தேடிப் பிடித்தேன். இப்போது அவனுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். என்னை நினைவு வைத்திருந்தான். கட்டை விட்டுக் கட்டை போன கதையைக் குப்பத்தில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்களாம். "தாத்தா கட்டு உனக்கு வருமா?" என்று கேட்டேன். "பாத்திருக்கேன் சார். கட்டினதில்ல" என்றான். படகில் கிடந்த நைலான் கயிற்றை எடுத்து, டீக்கடைக் கட்டையில் அந்தப் பள்ளத்தின் வழியாகச் சுற்றினான். முன்கட்டுக்குப் போடுகிற சுற்று எனக்கு ஞாபகம் இருந்தது, சொன்னேன். அதற்கு மேல் எப்படித் திருப்புவது என்று எனக்கு மறந்துவிட்டது. அவன் கை தானாக ஒரு திருப்புத் திருப்பிற்று. பிறகு அவனும் நின்றுவிட்டான். இருவரும் அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பின்கட்டு இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"பக்கத்துக் குப்பத்துல ஒரு கெழவர் இருக்காரு சார். கண்ணு தெரியாது. கேட்டுப் பாக்கலாம்" என்றான் அவன் கடைசியில். "முடிச்சுக்குக் கண்ணு எதுக்கு?"

பையனுக்குப் பதில் எழுதிவிட்டேன். "உண்டு அப்பா. நம் ஊரிலும் முழு மரம் வைத்துக் கட்டுகிற வித்தை உண்டு. வகுப்புக்குச் சம்பளம் கிடையாது. கொப்புளம் நிச்சயம். வாத்தியார் போய்விட்டார். முன்கட்டில் பாதி எனக்குத் தெரிகிறது, பாதி அவர் பேரனுக்குத் தெரிகிறது. பின்கட்டைக் கேட்பதற்குக் கண் தெரியாத ஒரு பெரியவர் இருக்கிறார். அடுத்த லீவை அங்கே செலவழிக்காமல் இங்கே வந்துவிடு. சீக்கிரம் வா. நார்க் கயிறு நான் வாங்கி வைக்கிறேன்."